“கையால் வரைந்தது சார்” என்றால் முதலில் ஃப்ரேமைக் கழற்றச் சொல்லுங்கள்

போன மாதம் புதுச்சேரி ஒயிட் டவுன் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில் 18,000 ரூபாயைத் தொலைத்துவிட்டு வந்தேன். புகார் கொடுக்கப் போவதால் கடைப் பெயர் இப்போதைக்கு வேண்டாம்.

வாங்கியது பிரிட்டிஷ் விமானப்படையின் 79வது ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) சின்னத்தின் ஃப்ரேம் போட்ட படம்: பல்லி மாதிரி இருக்கும் ஒரு சாலமாண்டர், தலைக்கு மேல் கிரீடம். இரண்டாம் உலகப் போரின்போது விமானம் வாங்க நம் பக்கத்திலிருந்து பணம் போனதால் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பெயரே அந்த ஸ்குவாட்ரனோடு ஒட்டிக்கொண்டது. சின்னம் சேர்க்கிற பைத்தியம் எனக்கு. கடலூர்க்காரன் வேறு. விடுவேனா?

“1943ல வாட்டர்கலர்ல வரைஞ்ச ஒரிஜினல் சார்” என்றார் கடைக்காரர். பின்னட்டையைப் பிரித்துப் பார்க்கலாமா என்றேன். “பிரிச்சா பழசோட மதிப்பு போயிடும் சார்.” தலையாட்டிவிட்டு ஜிபேயில் பணம் அனுப்பினேன்.

திருப்பாதிரிப்புலியூரில் ஃப்ரேம் போடும் நண்பர்தான் கழற்றினார். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நிறமெல்லாம் பொடிப் பொடிப் புள்ளி. பிரின்டர் வேலை! வாட்டர்கலர் என்றால் நிறம் தாளுக்குள் ஊறி, ஓரத்தில் கொஞ்சம் அடர்ந்து நிற்கும். பல நேரம் அடியில் பென்சில் கோடும் தெரியும். இதில் வால் பக்கம் மட்டும் நாலு இழுப்பு நிஜ பிரஷ். அந்த இடத்தைத்தான் கடையில் விரலால் தடவிக் காட்டினார், மனுஷன்.

இதைவிட எனக்கு வெட்கம் கிரீடத்தில்தான். 1943இல் அரசராக இருந்த ஆறாம் ஜார்ஜ் காலத்துச் சின்னங்களில் கிரீடத்தின் வளைவு குவிந்து மேலேறும். நடுவில் பள்ளம் விழுந்த கிரீடம் 1952இல் எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்த பிறகு வந்தது. என் ‘1943’ படத்தில் பள்ளம் பளிச்சென்று இருக்கிறது. இத்தனை வருஷமாகச் சேர்க்கிறேன், கடையில் நிற்கும்போது கண்ணில் படவில்லை. அதுபோக, சின்னத்துக்கு அரசர் ஒப்புதல் கொடுத்த மூல ஓவியத்தில் அவருடைய கையெழுத்து இருக்கும். அதையாவது கேட்டிருக்கலாம்.

திருப்பிக் கொடுக்கப் போனால், “ஒரிஜினல்னா டிசைன் ஒரிஜினல்னு சொன்னேன் சார்.” பில்லை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். ‘அலங்காரப் படம் – 1’. வாட்டர்கலர் என்ற சொல்லே இல்லை. நல்லவேளை, வாங்குவதற்கு முன் அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய “கையால் வரைந்தது” என்ற மெசேஜ் அழியாமல் இருக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து பதிந்திருக்கிறேன். கடை புதுச்சேரியில் இருந்தாலும் நான் குடியிருக்கிற கடலூரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. திங்கட்கிழமை மனு கொடுக்கிறேன். இதே சாலமாண்டரை அங்கே வேறு யாராவது வாங்கியிருந்தால் பில்லைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.