ஐடிஐயா, பட்டறையா?

மண்டபம், பாம்பன் பக்கத்தில் வெல்டிங் கற்க நினைக்கும் பிள்ளைகள் அதிகம் கேட்பது இதுதான். ஐடிஐயில் வெல்டர் பிரிவு ஓராண்டு. எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் சேரலாம். கேஸ், ஆர்க், மிக், டிக் என்று வெல்டிங் வகைகள் எல்லாம் பழகலாம். பட்டறையில் சேர்ந்த கையோடு கிரைண்டரைக் கொடுத்துவிடுவார்கள், கொஞ்சம் கூலியும் உண்டு.

பட்டறையின் பலமே கடல்தான். உப்புக்காற்றில் அரித்த விசைப்படகுச் சுக்கானில், துருவைத் தேய்த்துப் பளபளக்கும் இரும்பு தெரியுமுன் வெல்டு அடித்தால் உள்ளே பொத்தல் விழும். இதைக் கை தானாகவே கற்றுக்கொள்ளும். ஆனால் காரணம் பிடிபடாது. 7018 என்ற வெல்டிங் ராடை ஏன் அடுப்பில் காயவைக்க வேண்டும்? அதிலுள்ள ஈரம் ஹைட்ரஜனாக வெல்டுக்குள் புகுந்து, ஆறிய பிறகு விரிசல் விடவைக்கும். காற்றே ஈரமாக இருக்கும் நம் ஊரில் இது தெரியாமல் வேலை செய்யக் கூடாது. வகுப்பில் இதைச் சொல்லித் தருவார்கள்.

அதனால் முதலில் ஐடிஐ, விடுமுறையில் பட்டறை என்பேன். வெளிநாட்டு வேலைக்கும் சான்றிதழ் கைகொடுக்கும். வீட்டுக்கு உடனே வருமானம் வேண்டுமா? சரி, பட்டறைக்கே போங்கள். வெறும் கூலிங்கிளாஸோடு மட்டும் ஆர்க் அடிக்காதீர்கள் தம்பி. முதல் கூலியில் வெல்டிங் முகக்கவசம் வாங்கிவிடுங்கள்.