உப்புக்காற்றில் ஒரு ரெய்டு 1: கடலூரில் ஐந்து மழைக்காலம்

தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு வீட்டு டெஸ்க்டாப். உள்ளே 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு, டெபியன் லினக்ஸ், எம்டிஆடம் (லினக்ஸில் ரெய்டு கட்டும் கருவி) வைத்துக் கட்டிய ரெய்டு 1, அதாவது ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே எழுதும் ஏற்பாடு. ஐந்து மழைக்காலத்தில் செத்த டிஸ்க் ஒன்றுதான். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் இரண்டு, யூபிஎஸ் பேட்டரி இரண்டு, மதர்போர்டின் பொத்தான் பேட்டரி ஒன்று போயின. இந்தக் கரையில் ரெய்டைப் படுக்கவைப்பது பெரும்பாலும் டிஸ்க் இல்லை, டிஸ்க்கைச் சுற்றியிருப்பவை. இதைத் தெரியாமல் நல்ல டிஸ்க்கைக் கழற்றி எறிகிறவர்கள் நிறைய.

ரெய்டு 5 ஏன் வேண்டாம்? மூன்று டிஸ்க் வேண்டும், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டேட்டாவும் பாரிட்டியும் (தொலைந்ததை மீட்கக் கணக்கிட்டு வைக்கும் கூடுதல் தகவல்) ஒத்துப்போகாமல் நின்றுவிடும். நம் ஊர் மின்சாரத்துக்கு அது ஒத்துவராது. ரெய்டு 1-இல் ஒரு டிஸ்க்கைத் தனியாக எடுத்து வேறொரு லினக்ஸ் மெஷினில் மாட்டினாலும் ஃபைல்களைப் படிக்கலாம். வீட்டுக்கு அது போதும்.

மதர்போர்டின் பயாஸில் (மெஷின் எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) இருக்கும் ரெய்டையும் தொட வேண்டாம். சிஆர் 2032 பொத்தான் பேட்டரி தீர்ந்தால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பி, சாட்டா மோடு ரெய்டிலிருந்து ரெய்டு இல்லாத சாதாரண ஏஎச்சிஐ-க்கு மாறிவிடலாம். விண்டோஸ் நீலத்திரையோடு நிற்கும். 'டிஸ்க் இரண்டும் போச்சு' என்று அலறுவார்கள். மோடைத் திரும்ப ரெய்டுக்கு மாற்றினாலே பெரும்பாலும் எழுந்துவிடும், டிஸ்க்கைப் புதிதாக்கும் 'இனிஷியலைஸ்' மட்டும் கொடுத்துவிடக் கூடாது. விண்டோஸ்தான் வேண்டுமென்றால் அதிலேயே இருக்கும் ஸ்டோரேஜ் ஸ்பேசஸில் டூ-வே மிரர் போடுங்கள்.

டிஸ்க் வாங்கும்போது பார்க்க வேண்டியது சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா என்பது. சிஎம்ஆரில் டேட்டா எழுதும் தடங்கள் தனித்தனியாக இருக்கும், எஸ்எம்ஆரில் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். தொடர்ந்து எழுதினால் திணறும், ரீபில்டு (புது டிஸ்க்கில் டேட்டாவை மறுபடி நிரப்புவது) நாள்கணக்கில் இழுக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரை சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020-இல்தான் வெளியே வந்தது. பெட்டிமேல் 'நாஸ்' (நெட்வொர்க் ஸ்டோரேஜுக்கானது) என்று எழுதியிருப்பதை நம்பாமல் மாடல் எண்ணைப் பாருங்கள். இரண்டு டிஸ்க்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காதீர்கள். ஒரே பேட்ச் என்றால் குறையும் சேர்ந்தே வரலாம்.

கட்டும்போது டிஸ்க் முழுவதையும் கொடுக்காமல் பார்ட்டிஷன் போட்டு, கடைசியில் 100 எம்பி காலியாக விடுங்கள். விடாவிட்டால், பின்னால் வாங்கும் 4 டிபி டிஸ்க் இம்மி குறைந்திருந்தால் அது சேராது. சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தைக் காகிதத்தில் எழுதி, டிஸ்க்கை மாட்டிய பிறகும் தெரிகிற பக்கத்தில் ஒட்டுங்கள். டிஸ்க்குக்கு லினக்ஸ் தரும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் பூட் ஆகும்போது இடம் மாறலாம், சீரியல் மாறாது. ரெய்டு கட்டிய பிறகு அதன் விவரத்தை எம்டிஆடம் கான்ஃபிக் ஃபைலில் சேர்த்து பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்காவிட்டால், அடுத்த பூட்டில் ரெய்டுக்கு எம்டி0 என்று வைத்த பெயர் எம்டி127 என்று வந்து நிற்கும். எஃப்எஸ்டேபில் (பூட்டில் எதை எங்கே இணைப்பது என்ற பட்டியல்) பெயருக்குப் பதில் மாறாத அடையாள எண்ணான யூயூஐடி போட்டுவிட்டால் அந்தக் குழப்பமும் இல்லை, 'நோஃபெயில்' சேர்த்தால் ரெய்டு வராவிட்டாலும் பூட் நிற்காது. முதல் சிங்க் (இரண்டு டிஸ்க்கையும் ஒன்றுபோலாக்குவது), நொடிக்கு சராசரி 150 எம்பி என்று வைத்தால், ஏறக்குறைய ஏழரை மணி நேரம்.

பலர் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு செக்டரை (டேட்டா எழுதும் சிறு கட்டம்) படிக்க முடியாவிட்டால் நிமிடக்கணக்கில் முட்டிமோதும். லினக்ஸ் 30 நொடிதான் பொறுக்கும், பிறகு இணைப்பை ரீசெட் செய்யும், ரெய்டு அந்த டிஸ்க்கை வெளியே தள்ளிவிடும். ஒரே ஒரு கெட்ட செக்டருக்கு முழு டிஸ்க்கும் பலி. ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவி கொண்டு எஸ்சிடி இஆர்சி (டிஸ்க் முட்டிமோதும் நேரத்துக்கு வரம்பு) மதிப்பை 70, 70 என்று, அதாவது 7 நொடிக்கு, வையுங்கள். கரண்ட் போய் வந்தால் பல டிஸ்க்குகள் இதை மறந்துவிடும், அதனால் பூட் ஸ்கிரிப்ட்டில் போட வேண்டும். இந்த வசதியே இல்லாத டிஸ்க் என்றால் லினக்ஸின் டைம்அவுட்டை 180 நொடியாக்குங்கள்.

இனி உப்புக்காற்று. ரெய்டின் நிலை காட்டும் எம்டிஸ்டாட்டில் வழக்கமாகத் தெரியும் இரண்டு 'யூ'வில் ஒன்று போய் அடிக்கோடு வந்துவிட்டதா? உடனே டிஸ்க் வாங்க ஓடாதீர்கள். டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 ஆகிய வரிசை எண்களின் மதிப்பு ஏறியிருந்தால் டிஸ்க்கின் பரப்பே கெடுகிறது, மாற்றியாக வேண்டும். அவை பூஜ்யமாகவே இருந்து 199 மட்டும் ஏறினால், டேட்டா வழியில் சிதைகிறது: கேபிள் அல்லது கனெக்டர். கூடவே கெர்னல் பதிவில் சாட்டா வேகம் 6 ஜிகாபிட்டிலிருந்து 3-க்கு இறங்கியிருக்கலாம். கேபிளை மாற்றி, முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். 199 எப்போதும் பூஜ்யத்துக்குத் திரும்பாது, அன்றைய எண்ணைக் குறித்துவைத்து மேலும் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகு டிஸ்க்கை ரெய்டில் திரும்பச் சேர்க்க எம்டிஆடமில் 'ஆட்' வேண்டாம், 'ரீ-ஆட்' கொடுங்கள். எந்தப் பகுதி மாறியது என்று குறித்துவைக்கும் பிட்மேப் இருந்தால் இடையில் மாறிய பகுதி மட்டும் ஒத்திசைந்து சில நிமிடத்தில் முடியும். பழைய மோலெக்ஸ் பவர் கனெக்டரிலிருந்து சாட்டா பவருக்கு மாற்றும் வார்ப்பு அடாப்டரை மட்டும் எந்தக் காலத்திலும் போடாதீர்கள், உள்ளே கம்பிகள் உரசித் தீப்பிடித்த கதைகள் உண்டு.

டிஸ்க்கே போயிருந்தால் எம்டிஆடமில் ஃபெயில், ரிமூவ், பிறகு ஷட்டவுன், சீரியல் பார்த்துக் கழற்றல், புதியதை மாட்டல். அடுத்து பார்ட்டிஷன் அட்டவணையை மிஞ்சிய நல்ல டிஸ்க்கிலிருந்து புதியதற்குப் படியெடுக்க வேண்டும். இங்கேதான் கை நடுங்க வேண்டும், திசை மாறினால் நல்ல டிஸ்க்கின் அட்டவணை காலி. அதன் பிறகுதான் புதியதற்கு 'ஆட்'. எழுந்திராத ரெய்டுக்கு 'அசெம்பிள்' கொடுத்துப் பாருங்கள், புதிதாகக் கட்டும் 'கிரியேட்' கொடுக்காதீர்கள். டெபியனில் மாதத்தின் முதல் ஞாயிறு தானாக ஓடும் செக்கை (இரண்டு டிஸ்க்கையும் படித்து ஒப்பிடும் சோதனை), இரவு மெஷினை அணைப்பவர்கள் ஒருநாளாவது ஓடவிட வேண்டும்.

மின்சாரத்துக்கு 600 விஏ யூபிஎஸ் போதும், ஆனால் யூஎஸ்பி போர்ட் உள்ளதாகப் பாருங்கள். அது இல்லாவிட்டால் பேட்டரி தீரும்போது மெஷின் தானாக அணையாது. வீட்டு இன்வெர்ட்டரை நம்புகிறவர்கள் அதை யூபிஎஸ் மோடில் வைக்க வேண்டும், நார்மல் மோடில் மாறும் நேரத்துக்குள் பிசி ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். ஐப்பசி பிறக்கும் முன் டேட்டா எதுவும் எழுதாத நேரமாகப் பார்த்து, சுவரில் பிளக்கைப் பிடுங்கி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். புதிதில் தாங்கியதில் பாதிகூட இல்லையென்றால் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயலுக்குப் பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அந்த நேரத்தில் கேபினட் தரையில் இருந்தால் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே நனையும். ஆகவே கேபினட் மேசைமேல். தவறி அழித்த ஃபைலையும் ரெய்டு இரண்டு பக்கமும் ஒரே நொடியில் அழிக்கும் என்பதால், பேக்கப்புக்கு மூன்றாவதாக ஒரு வெளி டிஸ்க், சிலிகா ஜெல் பையோடு காற்றுப்புகாத டப்பாவில், நெய்வேலியிலோ விருத்தாசலத்திலோ இருக்கும் உறவினர் வீட்டு அலமாரியில்.