டிராம் (DRAM) மெமரி சிப்புக்குள் கிளாக்கைச் சீராக்க டிஎல்எல்லா, பிஎல்எல்லா?

டிடிஆர்3-1600 என்ற டிராம் வகையில், வேலைகளுக்குத் தாளம் போடும் துடிப்பான கிளாக்கின் ஒரு சுற்று 1.25 நானோநொடிதான். சிப்புக்குள் நுழைந்த கிளாக், பஃபர்களைக் கடந்து டேட்டா வெளியேறும் பின்னுக்கு (pin) வருவதற்குள் பின்தங்கிவிடும். இதைச் சரிசெய்யத்தான் டிஎல்எல்லோ பிஎல்எல்லோ தேவை.

டிஎல்எல் (delay-locked loop) புதிதாகக் கிளாக் எதையும் உருவாக்காது. வந்த கிளாக்கையே இன்னும் கொஞ்சம் தாமதப்படுத்தி, அடுத்து வரும் துடிப்பின் விளிம்போடு பொருத்திவிடும். மின்னழுத்தம் ஆடினால் வரும் பிசகு அந்தச் சுற்றோடு போய்விடும், சேர்ந்துகொண்டே போகாது. டிடிஆர்3-இல் ரீசெட்டுக்குப் பின் டிஎல்எல் கிளாக்கோடு பொருந்திப் பூட்டிக்கொள்ள 512 சுற்றுகள் ஒதுக்குகிறார்கள். ஆனால் உள்ளே வரும் கிளாக்கே நடுங்கினால், அதாவது விளிம்புகள் நேரம் தவறி முன்பின்னாக வந்தால், நடுக்கம் அப்படியே வெளியே வரும்.

பிஎல்எல்லுக்கு (phase-locked loop) கிளாக்கைத் தானே உருவாக்கும் சொந்த ஆசிலேட்டர் உண்டு. நடுக்கத்தை வடிகட்டும், அதிர்வெண்ணைப் பெருக்கும். ஆனால் அந்த ஆசிலேட்டரின் பிசகு சுற்றுக்குச் சுற்று சேரும், நிலைப்படுத்துவதும் தலைவலி.

சாதாரண டிராமுக்கு டிஎல்எல்தான் சரி. மொபைல்களுக்கான குறைமின் டிராமான எல்பிடிடிஆரிலோ மின்சாரத்தை மிச்சம்பிடிக்க அதையும் விட்டுவிட்டார்கள்.