மலிவான பாகங்களில் றிமோட் வண்டி: சில ஆண்டுப் பாவனையில் கண்டவை

லெகோ டெக்னிக் என்ற, துண்டுகளைப் பூட்டிக் கட்டும் விளையாட்டுப் பாகங்களையும் அவற்றோடு பொருந்தக்கூடிய வேறு கம்பனிகளின் பாகங்களையும் கலந்து, றிமோட்டில் ஓடும் வண்டிகளை நானும் அக்காவின் மகனும் சில ஆண்டுகளாகத் திருகோணமலையில் கட்டி ஓட்டி வருகிறோம். கையிலுள்ள பணம் மட்டாக இருந்தால், அதை வண்டியின் தோற்றத்தில் போடாமல் மோட்டாரிலும் பற்சில்லுகளிலும் போடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. துளையிட்ட சட்டங்கள் எல்லாம் 8 மில்லிமீற்றர் இடைவெளியையே பின்பற்றுவதால், பாவித்த பாகங்களை மலிவாக வாங்கிச் சேர்த்தாலும் பொருத்துவதில் சிக்கல் வராது. மலிவான இணைப்புப் பின்கள் மட்டும் நாட்பட நெகிழ்ந்துவிடுகின்றன. பாரம் தாங்கும் இடங்களுக்கு நல்ல பின்களை ஒதுக்கி வைப்பது அவசியம்.

பற்சில்லுகளைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும். மோட்டார்ப் பக்கம் 8 பல்லும் சில்லுப் பக்கம் 24 பல்லும் வைத்தால் வேகம் மூன்றிலொன்றாகக் குறையும். உராய்வில் போவது போக, முறுக்குவிசை, அதாவது சில்லைச் சுழற்றும் வலு, ஏறத்தாழ மும்மடங்காகும். 8-24, 12-20, 16-16 ஆகிய மூன்று சோடிகளுக்கும் அச்சுகளுக்கிடையிலான தூரம் ஒரே 16 மில்லிமீற்றர்தான் என்பதால், சட்டத்தை மாற்றிக் கட்டாமலே சீமெந்துத் தரைக்கு ஒரு சோடியும் டச்பே கடற்கரை மணலுக்கு வேறொரு சோடியும் போட்டுக்கொள்ளலாம். குறைந்த செலவில் இவ்வளவு பயன் தரும் வசதி வேறில்லை. அச்சு நுழையும் துளையைச் சுற்றி மாவைப்போல வெண்தூள் படிந்தால், சில்லு சட்டத்தோடு இறுகி உரசுகிறது என்று பொருள். கடதாசித் தடிப்பளவு இடைவெளி விட்டதும் தூள் நின்று, மோட்டாரின் முனகலும் குறைவதைக் காதால் கேட்கலாம்.

2007இல் வந்த, லெகோவின் பவர் ஃபங்ஷன்ஸ் என்ற மோட்டார்-றிமோட் தொகுதி அகச்சிவப்புக் கதிரில் இயங்குவது. வீட்டு விறாந்தையில் அது குறையில்லாமல் வேலை செய்கிறது. உப்புவெளிக் கடற்கரையின் நடுப்பகல் வெயிலிலோ, சில அடி தள்ளிப்போனதும் வண்டி சொற்கேளாது. வெளியில் ஓட்டுவோர் வானலையில் இயங்கும் 2.4 கிகாஹேட்ஸ் றிமோட்டும் ரிசீவரும் வாங்குவதே புத்தி. 2018இல் வந்த லெகோவின் புளூடூத் தொகுதியும் வெயிலுக்கு அசையாது, ஆனால் எங்கள் செலவுக்கு அது எட்டவில்லை.

ஆறு சாதாரண ஏஏ பற்றரிகள் 9 வோல்ற் தரும். மீள்மின்னேற்றும் பற்றரிகள் 7.2 வோல்ற்தான் தரும் என்பதால் வேகம் சற்றுக் குறைந்தாலும், அடிக்கடி ஓட்டுவோருக்கு அவையே இலாபம். எங்கள் ஊரின் உப்புக்காற்றில் பற்றரிப் பெட்டியின் தகடுகள் விரைவில் களிம்பேறுகின்றன. ஓட்டி முடிந்ததும் பற்றரிகளைக் கழற்றி, தகடுகளை உலர்ந்த துணியால் துடைத்து, இறுக மூடும் டப்பாவில் வைத்த பெட்டி இன்றும் நன்றாக இருக்கிறது. பற்சில்லுகளுக்கு எண்ணெய் விடவே கூடாது. மணல் அதில் ஒட்டிப் பற்களை அராவிவிடும். சைக்கிள் பம்பால் காற்றடித்து மணலை வெளியேற்றினால் போதும்.

திருப்புவதற்கான சேர்வோ மோட்டார் விலை கூடியது. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனி மோட்டார் பூட்டினால் அது இல்லாமலே வண்டி திரும்பும். தரையில் இந்த முறை அருமையாக இருக்கிறது. மணலில் திரும்பும்போது சில்லுகள் குழி பறித்து வண்டியைப் புதைத்துவிடுவதால், கடற்கரையே முக்கியம் என்பவர்கள் மற்ற எல்லாவற்றையும் வாங்கிய பிறகு, காசு சேர்த்துச் சேர்வோவை வாங்கலாம்.