ராடுக்கும் டிக்குக்கும் ஒரே மிஷின்: வாங்கலாமா?

கேட், கிரில் எல்லாம் ராடு வெல்டிங், மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாய் வந்தால் டிக் (TIG), அதாவது ஆர்கான் வாயு சூழ டங்ஸ்டன் முனையால் ஒட்டுவது. இரண்டுக்கும் சேர்த்து நான் வாங்கியது 200 ஆம்ப் டிசி இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின். 3.15 மி.மீ. ராடு 110 ஆம்பில் ஒட்டாமல் ஓடுகிறது. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாதுகாப்பு விஷயத்தில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் பிடித்தது விஆர்டி (VRD) என்ற வோல்டேஜ் குறைக்கும் வசதி. ராடு வெல்டிங்கில் மிஷினை ஆன் செய்ததுமே ஹோல்டரில் கரண்ட் வந்துவிடும். ஆர்க் (உலோகத்தை உருக்கும் மின்பொறி) பிடிக்காமல் சும்மா இருக்கும்போதுதான் வோல்டேஜ் அதிகம். பல மிஷின்களில் 60 முதல் 80 வரை. ஈரக் கையோடு ராடு மாற்றுகிறவருக்கு ஷாக் அடிப்பது அப்போதுதான். விஆர்டி அந்த வோல்டேஜை வெகுவாக இறக்கி வைக்கிறது. என் மிஷினில் அதற்குத் தனி சுவிட்ச். பெட்டியைப் பிரித்தபோது ஆஃபில் இருந்தது. கட்டாயம் பாருங்கள். அது இருக்கிறதே என்று கிளவுஸில் அலட்சியம் வேண்டாம், வியர்வையில் ஊறிய கிளவுஸ் காப்பாற்றாது.

பிடிக்காதது டிக் டார்ச். பட்டன் கிடையாது, கைப்பிடியில் ஒரு வால்வு மட்டும். வால்வை மூடினால் ஆர்கான்தான் நிற்கும், கரண்ட் நிற்காது. இரும்பு மேசையில் அசந்து வைத்தால் டங்ஸ்டன் முனை பட்ட இடத்தில் ஆர்க் பிடித்துவிடும். நான் மேசையோரம் ஒரு மரக்கட்டையில் கொக்கி அடித்து அதில்தான் டார்ச்சை மாட்டுகிறேன். ராடுக்கு மாறும்போது மிஷினை ஆஃப் செய்து, டார்ச்சை மைனஸிலிருந்து கழற்றிவிட்டு, அப்புறம்தான் ஹோல்டரைப் பிளஸ்ஸில் செருகுவேன்.

கூடவே வந்த டங்ஸ்டன் சிவப்பு முனை, அதாவது தோரியம் கலந்தது. கதிரியக்கம் லேசானதுதான், ஆனால் தீட்டும்போது பறக்கும் தூசி மூச்சில் போகக் கூடாது. அதை ஒதுக்கிவிட்டு லாந்தனம் கலந்த நீல முனைக்கு மாறினேன். ஆர்க் அதே மாதிரிதான் நிற்கிறது.

டிக்கில் புகை குறைவு என்று அரைக்கைச் சட்டையோடு உட்காருகிறார்கள். மறைக்கப் புகை இல்லாததால் ஆர்க் வெளிச்சம் தோலை இன்னும் மோசமாகச் சுடும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க குளோரின் கலந்த பிரேக் கிளீனர் வேண்டவே வேண்டாம். மிச்சம் இருக்கும் ஈரத்தில் ஆர்க் பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும், உயிருக்கே ஆபத்து. அசிட்டோன் போதும், அதுவும் நன்றாகக் காய்ந்த பிறகு, டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு. ஆர்கான் காற்றைவிடக் கனம் என்பதால் தொட்டிக்குள், குழிக்குள் இறங்கி வேலை செய்தால் தேங்கி மூச்சு முட்டும். வாசனை கிடையாது, தெரியவே தெரியாது.

ஒட்டும் இரும்பைக் கவ்வுகிற எர்த் கிளாம்ப் மட்டம். ஸ்ப்ரிங் தளர்ந்து சூடானது, பித்தளையில் வேறு போட்டுவிட்டேன்.

அலுமினியம் ஒட்ட வேண்டுமென்றால் ஏசி உள்ள மிஷின்தான் சரி. மற்றபடி இதை வாங்கலாம். ஆனால் பட்டன் டார்ச்சுக்கு சாக்கெட் உள்ள மாடலாகக் கேட்டு வாங்குங்கள்.