கூடாரமா, தறப்பாளா? கச்சான் காலத்து வில்பத்து முகாம்

வைகாசி தொடக்கம் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். இலங்கையின் வில்பத்து தேசியப் பூங்கா மணலில் கூடாரத்தோடு வரும் கம்பி முளைகள் நிற்காது, பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சிறு உரப்பைகளில் மணல் நிரப்பி, கயிற்றை முடிந்து, ஓரடி ஆழத்தில் கிடையாகப் புதைத்தால்தான் பிடிக்கும். வெளியுறையையும் மூடினால் உள்ளே அவியும். மழைக்குணம் இல்லாத இரவில் அதைக் கழற்றிவிட்டு உள்வலையோடு மட்டும் படுக்கலாம்.

12க்கு 15 அடித் தறப்பாள் மலிவு, காற்றோட்டமும் தாராளம். தாழ்ந்த ஓரம் தென்மேற்கைப் பார்க்கவேண்டும்; மாறிக் கட்டினால் கப்பற்பாய் போல உப்பி, கயிறு கட்டும் கண்ணிகள் கிழியும். ஆனால் பாம்பு, தேள், நுளம்பு எதையும் அது மறிக்காது. எனவே இரவுக்குக் கூடாரம், பகல் நிழலுக்குத் தறப்பாள்.

எதைக் கொண்டுபோனாலும், ஒதுக்கித் தந்த முகாமிடத்துக்குள் பாலை மரத்தடியை விட்டுத் தள்ளிப் போடுங்கள். பாலை பழுக்கும் காலத்தில் பழம் தேடிக் கரடி வரும்.