காலையில் சேவ் எடுக்க: ட்ரிமரா, கார்ட்ரிட்ஜா, பழைய பிளேட் றேசரா?

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து கல்முனைக்கு விடியவே பஸ் ஏறுகிற ஒருவருக்கு முகத்துக்கென்று கிடைப்பது பத்து நிமிடம்தான். மூன்றையும் பாவித்துப் பார்த்து, பிளேட் மாட்டும் பழைய றேசரில் நான் நிலைத்துவிட்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

வேகத்தில் ட்ரிமரை மிஞ்ச எதுவும் இல்லை. தண்ணீர் வேண்டாம், நுரை வேண்டாம், வெட்டும் படாது. தாடியை ஒரே அளவில் வைத்திருப்பவர்கள் இதற்கு மேல் வாசிக்கவே தேவையில்லை, ட்ரிமரை வாங்குங்கள். வழவழப்பான முகம் வேண்டுமென்றால்தான் கணக்கு மாறுகிறது. சீப்பைக் கழற்றிவிட்டுத் தோலோடு ஒட்டி ஓட்டினாலும் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் முடி மிஞ்சும். தாடி ஒரு நாளில் வளர்வதோ 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். அதாவது, ட்ரிமரைக் கீழே வைக்கும்போதே முகத்தில் நேற்றைய தாடி நிற்கும். அப்புறம் பற்றரி. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போது அந்த நிலை இல்லை என்றாலும், பற்றரி களைத்துப்போனால் பெரும்பாலும் முழுச் சாமானையும் மாற்றத்தான் வேண்டியிருக்கிறது. வலை போட்ட மின்சார சேவர் இன்னும் ஒட்ட வெட்டும். ஆனால் அதை அண்ணனிடம் இரவல் வாங்கிக் கொஞ்சக் காலம்தான் பாவித்தேன், அதனால் தீர்ப்பாக எதுவும் சொல்லவில்லை.

பல பிளேட் பதித்த தலையைப் பிடியில் மாட்டும் கார்ட்ரிட்ஜ் றேசர் பழகவே தேவையில்லாதது. தலை தானாகத் திரும்பும், அவசரத்திலும் கை தவறாது. முதன்முதலாகச் சேவ் எடுக்கும் தம்பிமாருக்கு இதைத்தான் சொல்வேன். கட்டார், சவூதி என்று பறப்பவர்களுக்கும் இதுதான் வசதி: தனி பிளேட்டை விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள், கார்ட்ரிட்ஜை பொதுவாக விடுவார்கள். பல பிளேட் இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் பிளேட் முடியை இழுத்துப் பிடிக்க, அடுத்தது தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டிவிடும். சுருள் முடிக்காரருக்கு அது வளைந்து தோலுக்குள்ளேயே வளர்ந்து கழுத்தில் கொப்புளமாக எழும்பும். என் முடி நேரானது. இது மச்சான்மாரின் கழுத்தைப் பார்த்துச் சொல்வது.

சரி, என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது மழமழப்பு அல்ல. கழுவுவதும் பிளேட் மாற்றுவதும்தான்.

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வரும் வீடுகளில் றேசரைக் கழுவும் தொல்லை அவ்வளவாகத் தெரியாது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணலில் கிணறு தோண்டியிருப்பவர்களைக் கேளுங்கள். சவர் கலந்த தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. தண்ணீரில் உள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து வெள்ளைக் கசடாகப் படியும். கார்ட்ரிட்ஜில் மூன்றோ ஐந்தோ பிளேட் நெருக்கமாக நிற்கிற இடுக்கில் அந்தக் கசடும் முடியும் இறுகினால் வாளித் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் வெளியே வராது. தட்டித் தட்டியே பஸ் நேரம் போய்விடும். பழைய றேசரில் ஒரே பிளேட், இரண்டு பக்கமும் திறந்த வெளி. ஒரு தரம் முக்கி எடுத்தால் முடிந்தது.

எந்த பிளேட்டும் மழுங்கும். 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். முடி உருக்கை விட எவ்வளவோ மென்மையானது, ஆனாலும் வளைந்து நிற்கிற முடி பிளேட் விளிம்பிலிருந்து நுண்ணிய சில்லுகளைப் பெயர்த்துவிடுகிறது. ஆகவே விலை கூடிய தலையானாலும் ஒருநாள் எறியத்தான் வேண்டும். எறிந்ததற்குப் பதிலாக வாங்குவது என்ன விலை, எங்கே கிடைக்கும் என்பதுதான் கேள்வி. கார்ட்ரிட்ஜ் தலை அதற்கென்று செய்த பிடியில்தான் ஏறும். கடையில் அந்த வகை முடிந்துவிட்டால் கையில் இருக்கும் பிடி சும்மா. இரட்டை விளிம்பு பிளேட்டுக்கு ஜில்லெட் காப்புரிமை பெற்றது 1904இல். துளையின் வடிவம் பிறகு மாறினாலும், பல பத்தாண்டுகளாக எந்தக் கம்பனி பிளேட்டும் எந்தக் கம்பனி றேசரிலும் பொருந்துகிறது. ஆரையம்பதியானாலும் களுவாஞ்சிகுடியானாலும் தெருமுனைக் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனபோது இந்த வித்தியாசம் பையில் நன்றாகவே தெரிந்தது. விலை இதற்கும் ஏறத்தான் செய்தது, ஆனால் ஒரு மெல்லிய தகட்டின் விலைதானே ஏறியது.

பிடியை வாங்கும்போது மட்டும் அவசரப்பட வேண்டாம். மலிவான தலைகள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. மேல்பூச்சு உரிந்ததும் நம் உப்புக் காற்று சைக்கிளைத் தின்பதுபோல் அதையும் தின்னும். பித்தளையோ துருப்பிடிக்காத உருக்கோ கேட்டு வாங்குங்கள். வண்ணத்துப்பூச்சி இறக்கைபோல் திறக்கும் வகையை விட, மூன்று துண்டாகக் கழற்றும் வகையே நல்லது. இறக்கைக்குள் போகும் கசடைக் கழுவி எடுப்பது லேசல்ல.

இதற்குக் கை பழக முதல் சில வாரங்கள் பிடிக்கும், அதை மறைக்க மாட்டேன். அழுத்தவே கூடாது, பிடியின் பாரமே போதும். தோலுக்கு ஏறத்தாழ 30 பாகை சாய்வாகப் பிடித்து, முடி வளரும் திசையிலேயே ஒரு தரம் இழுங்கள். நான் குளித்துவிட்டு வந்துதான் எடுப்பேன். இரண்டு மூன்று நிமிடம் ஈரத்தில் ஊறிய முடி இலகுவாக வெட்டுப்படும். கச்சான் வீசும் ஆனி, ஆடியில் நுரை முகத்திலேயே காய்ந்துவிடும். அந்த நாட்களில் பாதி முகத்துக்கு மட்டும் பூசி, அதை முடித்துவிட்டு மற்றப் பாதிக்குப் போங்கள். கடைசியில் குளிர்ந்த தண்ணீர், படிகாரக் கட்டியால் ஒரு தடவல். எதிர்த் திசையில் இரண்டாம் தரம் எடுப்பதெல்லாம் கலியாண வீட்டுக்குப் போகும் நாளுக்கு.

ஒரே பிளேட் எல்லா முகத்துக்கும் ஒத்துவராது. அதனால் முதலில் பெரிய பெட்டியாக வாங்காமல், இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு சின்னப் பக்கெட் எடுத்துப் பாருங்கள். பாவித்ததைக் குப்பையில் அப்படியே போடாமல், மூடியில் கீறல் போட்ட பால்மா ரின்னுக்குள் போட்டுச் சேர்த்து வையுங்கள்.